எடைச்சீட்டு

ராலின்ஸ் தாண்டினால் காற்று.
அதற்கு முன்னால் என் தராசு.
எழுபதடி இரும்புத் தட்டு, ஒரு ஸ்பீக்கர்,
கண்ணாடிக்குப் பின்னால் நான்,
இரவு பத்து முதல் காலை ஆறு வரை.

லாரிக்காரர்கள் பேசமாட்டார்கள்.
வருவார்கள், நிற்பார்கள், சீட்டை வாங்கிப் போவார்கள்.
பேசுகிறவர்களெல்லாம்
வீட்டை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள்.

அக்டோபரில் ஒரு ராத்திரி, லமாரும் ஆர்டித்தும்.
ஆக்டனில் வாங்கி ஒன்பது நாளான டிரெய்லர்,
சன்னலில் கடைக்காரன் ஒட்டிய விலை
இன்னும் கிழியவில்லை.
முன்னால் பிக்கப் பின்பக்கம் குந்தியிருந்தது.
அதன் விளக்குகள் இரண்டும்
நட்சத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தன.

"ஒன்பதாயிரத்து முந்நூறு இழுக்கும்" என்றார் லமார்,
நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

இழுக்கும்தான்.
விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது இழுப்பதை.
சுமப்பதை ஓட்டுநர் கதவுக்குள்
பொடி எழுத்தில் ஒட்டிவைப்பார்கள்.
யாரும் குனிவதில்லை.
ஏழாயிரம், அதற்குமேல் கூடாது:
வண்டி, பெட்ரோல், நீங்கள், உங்கள் நாய்,
கொக்கிமேல் டிரெய்லர் அழுத்துகிற மூக்கின் பாரம்,
எல்லாம் அந்த ஏழாயிரத்துக்குள்.

சீட்டு சொன்னது
ஏழாயிரத்து இருநூற்று நாற்பது.

லமார் அதைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெறும் தாள்.

ஆர்டித் இறங்கினாள்.
தட்டைவிட்டு வெளியே போய்
உறைபனி படிந்த புல்லோரம் நின்று
"இப்போது நிறுங்கள்" என்றாள்.

ஏழாயிரத்து எண்பது.
ஸ்பீக்கரில் அந்த மைதானத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேன்.
முப்பத்தொரு வருஷத்தில் அவள் சொல்லாத எண்.
கழித்துப் பார்க்க ஒரு நொடி போதும்.
நல்ல மனிதர்,
குனிந்து டயரில் காற்று பார்ப்பதுபோல் இருந்தார்.
"நீங்கள் இல்லாமலும் எண்பது அதிகம்தான்" என்றேன்.
அதற்குத்தான் அவள் சிரித்தாள்.

பிறகு எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்.
டிரெய்லரின் முன்கட்டில் இருந்ததையெல்லாம் வாரி
வால்பக்கம் அடுக்கத் தொடங்கினார்.
மூக்கு லேசானால் சீட்டு அழகாக வரும்.
எல்க் மலையில் காற்று
அந்த வாலைப் பிடித்து ஆட்டும்.
கணக்கு நான் பள்ளியோடு விட்டவள். ஆனால்
மீட்பு லாரி கொண்டுவருவதை
இந்தச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்:
பிளந்த சுவர்,
உள்ளே கொக்கிகளில் இன்னும் தொங்கும் கோப்பைகள்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு
நேரில் போய்ச் சொன்னேன்.

சாமான்களெல்லாம் முன்கட்டுக்குத் திரும்பின.
பிக்கப்பிலிருந்து ஜெனரேட்டர் இறங்கியது. நூற்றிருபது.
கருவிப்பெட்டி, அறுபது.
அதைத் தரையில் வைத்தபின்னும்
கைப்பிடியை விடாமல் கொஞ்சநேரம் நின்றார்.
பிரிகாம் சிட்டி பீச் பழங்கள்,
அவளே வேகவைத்து ஜாடியில் அடைத்தவை,
இரண்டு பெட்டி, எண்பது.
எல்லாம் என் பின்னறைக்கு வந்தன.
நாயை யாரும் நிறுக்கச் சொல்லவில்லை.

ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

"மிச்சம் இருபதில் என்ன வரும்?" என்றாள் ஆர்டித்.
பெட்டியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து நீட்டினேன்.
மூன்று பவுண்டு.
மடியில் வைத்துக்கொண்டு சீட்பெல்ட்டை
அதற்கும் சேர்த்துப் போட்டாள்.

விளக்குகள் இப்போது சாலையைப் பார்த்தன.
ஐம்பத்தைந்துக்குமேல் போகாதீர்கள் என்றேன்.
லமார் சீட்டை மடித்து
சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டார்.

ஏப்ரலில் வந்து எடுத்துக்கொள்வோம் என்றார்கள்.
பழம் கெட்டுப்போகும்முன் சாப்பிடுங்கள் என்றும் சொன்னார்கள்.

இது மே மாதம்.
ஜெனரேட்டரின் மேல் துணி போர்த்தியிருக்கிறேன்.
இரண்டாவது பெட்டியை
நேற்றுத்தான் திறந்தேன்.